மாஸ்டருக்கு எங்கே விசா? துபாய், சிங்கப்பூர், லண்டன்: மூன்றில் எங்கே கடை போடலாம்

மும்பையில் சயான் ஸ்டேஷன் பக்கம் மெஸ் நடத்தும் அண்ணாச்சி ஒருவர், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்ததும் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்கு ஒரு டம்ளர் மோர், அவருக்கு ஒன்று. "தம்பி, எழுவது லட்சம் சேத்து வச்சிருக்கேன். சிங்கப்பூர்ல கடை போடலாம்னு பாக்கேன். அங்கன போர்டுல எல்லாம் தமிழ் இருக்காம்லா?"

இருக்கிறது. அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் தமிழும் ஒன்று. ஆனால் போர்டில் தமிழ் இருக்கிறது என்பதற்காக அண்ணாச்சியின் தோசை மாஸ்டரை உள்ளே விட்டுவிட மாட்டார்கள்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. துபாய் கராமாவில் ஒரு தென்னிந்திய ஓட்டலில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். திரும்பி வந்தபின் செம்பூரில் உட்கார்ந்துகொண்டு, வெளியூரில் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலருக்குக் கணக்கும் காகித வேலையும் பார்த்துக் கொடுக்கிறேன். மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் யாராவது வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: துபாயா, சிங்கப்பூரா, லண்டனா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வருகிறவர்கள் முதலில் கேட்பது வரியைப் பற்றி. நான் அதைக் கடைசியில் வைப்பேன். வரி லாபத்துக்குத்தான். லாபம் வருவதற்குள் கடை நிற்குமா என்பதுதான் ஓட்டல் தொழிலில் முதல் கவலை.

என் முதல் கேள்வி, உங்கள் மாஸ்டருக்கு அந்த ஊரில் விசா கிடைக்குமா? நம் கடைகள் ஓடுவது ஒருவர் அல்லது இருவரின் கைப்பக்குவத்தில். அவர் வரமுடியாத ஊரில் உங்கள் பெயரில் போர்டு மட்டும்தான் தொங்கும். அடுத்தது, முதலாளியான நீங்கள் அங்கே சட்டப்படி தங்கமுடியுமா? கல்லாவில் உட்காராமல் ரிமோட்டில் ஓட்டல் நடத்தி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது, வாடகையை எப்படி வாங்குகிறார்கள். தொகையைக் காட்டிலும் எந்த மாதம், எத்தனை மாதத்துக்குச் சேர்த்து என்பது முக்கியம். நான்காவது, கடையைச் சாத்திவிட்டு வரவேண்டி வந்தால் என்ன செலவு. இந்த நான்காவதைக் கேட்டால் சிலருக்குக் கோபமே வருகிறது, நல்ல காரியம் பேசும்போது அபசகுனம் என்று. பரவாயில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சாப்பிட யார் வருவார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மூன்று ஊரிலுமே நம் சாப்பாட்டுக்கு ஆள் இருக்கிறது. அதனால் அதை வைத்து மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

## பணம் இங்கிருந்து கிளம்பும்போதே

எந்த ஊருக்குப் போனாலும் இது பொது. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். ரிசர்வ் வங்கி தரும் அனுமதி அது. அண்ணாச்சியின் எழுபது லட்சத்துக்கு அந்த வரம்பு ஒரு தடை இல்லை. அவர் எதிர்பார்க்காதது டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் முன்வரி. முதலீட்டுக்காக அனுப்பும் பணம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 20 சதவீதத்தை வங்கி பிடித்துக்கொள்ளும். எழுபதையும் ஒரே ஆண்டில் அனுப்பினால் பன்னிரண்டு லட்சம் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அது தொலைந்துபோகிற பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் கிரைண்டரும் ஃப்ரீசரும் வாங்கவேண்டிய நேரத்தில் பன்னிரண்டு லட்சம் வரித்துறையிடம் உட்கார்ந்திருக்கும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்து அனுப்பினால் பத்து லட்சச் சலுகை இரண்டு தடவை கிடைக்கும்.

மனைவி பெயரிலும் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம், ஆனால் அந்தக் கம்பெனியில் மனைவியும் பங்குதாரராக இருக்கவேண்டும். சும்மா பெயரைக் கடன் வாங்கி அனுப்பக்கூடாது.

இன்னொன்று, 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள்படி, நீங்கள் முதலீடு செய்யும் நிறுவனம் பொறுப்பு வரையறுக்கப்பட்டதாக (லிமிடெட் கம்பெனி மாதிரி, நஷ்டம் போட்ட பணத்தோடு நிற்கும் வகை) இருக்கவேண்டும். "நம்ம மச்சான் அங்க கடை வச்சிருக்கான், அதுல பாதிப் பங்கு" என்று வாய்வார்த்தையாகவோ சாதாரணக் கூட்டுத்தொழிலாகவோ பணம் போடுவது விதிக்குள் வராது. முறையாக வங்கி மூலம் பதிவு செய்து எண் வாங்கவேண்டும். பிறகு ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31க்குள் அறிக்கை கொடுக்கவேண்டும். இங்கே வரி கட்டும்வரை வெளிநாட்டுச் சொத்தை ரிட்டர்னில் காட்டவேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் அபராதம் வரலாம். ஹவாலாவில் அனுப்பிக் கடை போட்டவர்கள் உண்டு. நாளைக்குக் கடையை விற்று அந்தப் பணத்தை வெள்ளையாகத் திரும்பக் கொண்டுவர முடியாமல் அவர்கள் முழிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

## துபாய்

எனக்குத் தெரிந்த ஊர் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

மாஸ்டர் விஷயத்தில் மூன்றில் மிகச் சுலபம் துபாய். சமையல்காரருக்குப் பட்டப்படிப்போ இங்கிலீஷ் பரீட்சையோ இத்தனை உள்ளூர்க்காரருக்கு இத்தனை வெளியாள் என்ற கணக்கோ குறுக்கே நிற்பதில்லை. ஒரு சிக்கல் மட்டும் நம் பக்கம் இருக்கிறது. மாஸ்டர் பத்தாவது பாஸ் இல்லையென்றால் அவர் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வேலைக்குப் போகும்போது அனுமதி வாங்கவேண்டிய பதினெட்டு நாடுகளில் அமீரகமும் ஒன்று. நம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் வேலை ஒப்பந்தத்தை ஏற்றி, காப்பீடு எடுத்து, அனுமதி வாங்கித்தான் விமானம் ஏறவேண்டும். இதற்கான அலுவலகம் மும்பையிலேயே உண்டு. விசிட் விசாவில் கூட்டிப்போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். வேண்டாம். ஏதாவது ஆனால் அவருக்கு எந்தக் காப்பும் இருக்காது.

2021 ஜூன் வரை ஊருக்குள் கடை போட 51 சதவீதம் உள்ளூர் அரபிக்காரர் பெயரில் இருக்கவேண்டும். அர்பாப் என்று சொல்லும் அந்த ஸ்பான்சருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போய்க்கொண்டே இருக்கும். இப்போது ஓட்டல் தொழிலில் நூறு சதவீதமும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். இன்னும் பழைய கதையைச் சொல்லி "ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவரைப் பார்த்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

இனி வாடகை. எங்கள் முதலாளி ஒப்பந்தம் புதுப்பித்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். கட்டட ஆபீஸில் கண்ணாடி மேசை. ஆண்டு வாடகைக்கு நான்கு செக். நான் தேதி எழுதி எழுதித் தள்ள, அவர் கையெழுத்துப் போட்டார். ஜனவரி, ஏப்ரல் சட்டென்று முடிந்தது. ஜூலைச் செக்கை எடுத்தவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலையில் பள்ளிக்கூடம் லீவு, குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிடும், வெயிலில் தெருவில் நடக்க ஆள் இருக்காது. கல்லாவில் பணம் குறைவாக விழும் மாதத்தில் மூன்று மாத வாடகை மொத்தமாகப் போகும். துபாயில் கடை போடுகிறவர் எல்லாருக்கும் இந்த ஜூலைச் செக் ஒன்று இருக்கும். 2022 முதல் பணமில்லாமல் திரும்பும் செக்குக்குப் பெரும்பாலும் ஜெயில் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் செக்கை வைத்திருப்பவர் வழக்குப் போட்டு இழுக்காமல் நேரே வசூல் நடவடிக்கைக்கே போகலாம். அதனால் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மறைந்திருக்கும் பெரிய செலவு புகைக்குழாய். எங்கள் இரண்டாவது கிளைக்குப் பிடித்த கடை பார்வைக்கு அருமை, மூலைக்கடை, எதிரே பஸ் ஸ்டாப். வாடகை ஒப்பந்தம் போட்டபிறகுதான் தெரிந்தது, சமையலறைப் புகையை மொட்டைமாடி வரை கொண்டுபோகக் கட்டடத்தில் வழியே இல்லை. வெளிச்சுவரில் குழாய் ஏற்ற உரிமையாளர் ஒப்புதல், பிறகு நகராட்சியின் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் வரைபட ஒப்புதல், தீயணைப்புத் துறை ஒப்புதல் என்று ஐந்து மாதம். ஒரு தோசைகூட விற்காமல் ஐந்து மாத வாடகை. கடை பார்க்கப் போகும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், முதலில் மாடிக்குப் போய்ப் புகைப்போக்கி எங்கே வருகிறது என்று பாருங்கள். அடுத்து எண்ணெய்க் கழிவுத் தொட்டி, மின்சார லோடு. அப்புறம்தான் வாசல்.

ஊழியர் செலவில் சம்பளம் ஒரு பாகம்தான். விசா, மருத்துவப் பரிசோதனை, இன்சூரன்ஸ் எல்லாம் முதலாளி தலையில். தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது, சட்டம் அது. சம்பளம் வங்கி வழியாகத்தான் போகவேண்டும். வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதன்பின் 30 நாள். இதை மாதாமாதம் ஒதுக்கிவைக்காத கடைகள், மூன்று பழைய ஆட்கள் ஒரே வருடம் கிளம்பினால் ஆடிப்போகும். பெரும்பாலும் தங்க இடமும் முதலாளிதான் பார்க்கிறார். மாஸ்டர் குடும்பத்தோடு வரவேண்டுமென்றால் அவர் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்கவேண்டும்.

வரி இல்லாத ஊர் என்ற பேச்சும் பழசு. 2018 முதல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி). 2023 ஜூன் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தில் 9 சதவீதம் வரி. ஆண்டு விற்பனை 30 லட்சம் திர்ஹாமுக்குள் இருக்கும் சின்னக் கடைகளுக்கு 2026 முடிய ஒரு விலக்கு இருக்கிறது. திர்ஹாம் 1997 முதல் டாலரோடு கட்டப்பட்டது, அதனால் ரூபாய் சரியும்போதெல்லாம் ஊருக்கு அனுப்பும் பணம் கொஞ்சம் வீங்கும். நாங்கள் அங்கே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் உண்டு, வெட்கப்பட்டதும் உண்டு.

போட்டி கடுமை. சரவண பவன் வெளிநாட்டில் முதல் கிளையைத் திறந்ததே 2000இல் துபாயில்தான். கராமாவிலும் மீனா பஜாரிலும் நம் சாப்பாட்டுக் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. "அங்கே நல்ல இட்லி கிடைக்காது, நாம போட்டா ஓடும்" என்ற நினைப்போடு போனால் மூன்றாம் நாள் தெளிந்துவிடும்.

## சிங்கப்பூர்

அண்ணாச்சியின் கனவு ஊர். கோமள விலாஸ் சிராங்கூன் சாலையில் 1947இலேயே வந்துவிட்டது. முத்து'ஸ் கறி 1969. வாடிக்கையாளருக்குச் சாம்பார் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனிப் பதிவுக்கு 315 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓரிரு நாளில் முடியும். பங்கு முழுவதும் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், அங்கேயே வசிக்கும் ஒரு இயக்குநர் மட்டும் வேண்டும். இதுவரை எல்லாம் இனிப்பாகவே இருக்கும்.

சிக்கல் ஆள் கணக்கில். சேவைத்துறையில் வெளிநாட்டு ஊழியர் மொத்தத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பத்துப் பேர் கடையில் ஏழு பேர் உள்ளூர்க்காரர் அல்லது நிரந்தரவாசி. அதுவும் முழுக் கணக்கில் வர அவர்களுக்கு மாதம் 1,600 வெள்ளியாவது கொடுக்கவேண்டும், இது 2024 ஜூலை நிலவரம், ஏறிக்கொண்டே போகிறது. நம் ஊர்ச் சமையல்காரரைச் சாதாரண வேலை அனுமதியில் கொண்டுவரப் பல காலம் வழியே இல்லை. அந்தப் பட்டியலில் மலேசியா, சீனா போன்ற நாடுகள்தான். 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு ஒரு கதவைத் திறந்தார்கள். சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி, எண்ணிக்கை மொத்த ஊழியரில் 8 சதவீதத்துக்குள். எட்டு சதவீதம் என்றால்? பன்னிரண்டு பேர் உள்ள கடையில் ஒரு முழு ஆள்கூட வராது. பதின்மூன்று பேர் இருந்தால் ஒரு மாஸ்டர்.

இன்னொரு வழி எஸ் பாஸ், நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி. எந்த நாட்டவரும் வரலாம், ஆனால் 10 சதவீதத்துக்குள். 2025 செப்டம்பர் முதல் குறைந்த சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடினால் இதுவும் கூடும். நம் மாஸ்டருக்கு நாற்பத்தெட்டு வயது. மேற்கொண்டு வெளியாளை வைத்திருப்பதற்காக மாதாமாதம் அரசுக்கு லெவி என்ற கட்டணம்.

முதலாளி நிலைமையும் சுலபமில்லை. தொழில்முனைவோருக்கென்று இருக்கும் ஆன்ட்ரபாஸ் (EntrePass) விசா காப்பிக்கடை, ஹாக்கர் கடை (பொது உணவு வளாகத்துச் சிறு கடை), உணவங்காடி வகைத் தொழிலுக்குக் கிடையாது. உயர்நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டுமென்றால் 2025 நிலவரப்படி குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம், படிப்பு, மற்ற விஷயங்களுக்கு மதிப்பெண் முறை வேறு. ஹாக்கர் சென்டரில் சின்னதாக ஒரு தோசைக் கடை போட்டுப் பார்க்கலாமே என்றால், அந்த உரிமம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஆக வெளியிலிருந்து வருபவர் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக வளரும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது. நேராகப் பதின்மூன்று பேர் கடையில்தான் இறங்கவேண்டும்.

மறைந்த செலவு இரண்டு. ஏற்கெனவே நடக்கும் கடையை எடுத்தால் முன்னவருக்கு டேக்ஓவர் பணம், நம்ம மும்பையில் கொடுக்கும் பகடிப் பணம் மாதிரி ஒன்று. காலி செய்யும்போது கடையைப் பழையபடி வெறும் சுவராக்கிக் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். நீங்கள் காசு போட்டுப் பதித்த டைல்ஸை நீங்களே காசு கொடுத்துப் பெயர்க்கவேண்டும்.

கம்பெனி வரி 17 சதவீதம், புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று ஆண்டு நல்ல சலுகை. ஜிஎஸ்டி 2024 முதல் 9. நிர்வாகம் சுத்தம், விதி எல்லாம் தளத்திலேயே இருக்கும், யாரையும் கவனிக்கவேண்டியதில்லை. இதற்கெல்லாம் நான் அந்த ஊரை மதிக்கிறேன். ஆனால் அங்கே நிரந்தரவாசியாக இருக்கும் சொந்தமோ கூட்டாளியோ இல்லாமல் எழுபது லட்சத்தோடு போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## லண்டன்

செம்பூரில் ஒரு தம்பதி. மகள் ஈஸ்ட் ஹாமில், மருமகன் பிரிட்டிஷ் குடிமகன். "மாப்பிள்ளை பேர்ல கம்பெனி, சமையலுக்கு இங்கேயிருந்து நம்ம பையனக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று திட்டம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு 2025 ஜூலை 22ஆம் தேதியோடு கதவைச் சாத்திவிட்டார்கள். அன்று முதல் திறன் தொழிலாளர் விசா பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கு என்று உயர்த்தினார்கள், பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்டு. சமையல்காரர் வேலை அந்த நிலைக்குக் கீழே. புதிதாக ஒரு தோசை மாஸ்டரை இந்தியாவிலிருந்து அந்த வழியில் கொண்டுபோக முடியாது.

முதலாளியாகப் போக இனோவேட்டர் ஃபவுண்டர் விசா உண்டு. புதுமையான, பெருகக்கூடிய தொழில் என்று அங்கீகார அமைப்பு ஒன்று ஒப்புக்கொள்ளவேண்டும். இட்லி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அவர்கள் கணக்கில் அது புதுமை ஆகாது.

அப்படியானால் ஆட்கள்? ஏற்கெனவே அங்கே குடியுரிமை உள்ளவர்கள், ஈழத் தமிழர் குடும்பங்கள், படிக்க வந்த பிள்ளைகள். மாணவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அனுமதி இல்லாதவரை வைத்துப் பிடிபட்டால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். "எல்லாரும் வைக்கிறாங்க" என்பதை நம்பிவிடாதீர்கள்.

சம்பளக் கணக்கு ஒன்று. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது, ஒவ்வொரு ஏப்ரலிலும் திருத்துவார்கள். பாத்திரம் கழுவும் ஒருவருக்கு வாரம் நாற்பது மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்றால் ஏறக்குறைய 25,400 பவுண்டு. முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீடு அதன்மேல் ஏறக்குறைய 3,060. சிறு நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை அந்தக் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு, மூன்று ஆளைத் தாண்டியதும் அது தீர்ந்துவிடும். சமைத்த சாப்பாட்டுக்கு வாட் 20 சதவீதம், விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் கட்டாயம். மசால் தோசைக்கு 12 பவுண்டு வாங்கினால் அதில் 2 பவுண்டு உங்களுடையது இல்லை.

வாடகையைப் பல ஒப்பந்தங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே கேட்பார்கள், அதுவும் மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்று பழங்காலக் காலாண்டு நாட்களில். ஊரே கடையடைத்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடும் நாளில் நமக்கு வாடகை. ஒப்பந்தம் பத்து, பதினைந்து ஆண்டு ஓடும், கூரை ஒழுகினாலும் வாடகைதாரர்தான் பார்க்கவேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். கம்பெனிக்கு வயதில்லாததால் மாப்பிள்ளையிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள். இடையில் விலக ஒரு ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போட்டால், கடையை மூடினாலும் வாடகை நிற்காது. லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற மும்பை வாடகை ஒப்பந்தத்தில் பதினொரு மாதம் பழகிய நமக்கு இது புரியவே கொஞ்ச நாளாகும்.

ஜனவரியில் மாவு புளிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துபாய் ஜூலையில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தாலும் நான்கு மணி நேரத்தில் மாவு பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டும். லண்டனில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில், இரவில் மாவுத் தூக்கை அணைத்த ஓவன் பெட்டிக்குள் வைத்து உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டுப் போகிறார்கள். காலையில் முதலில் வருபவர் அதன் மூடியைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுகிறார்.

இவ்வளவு சொன்னாலும் லண்டனில் ஒரு நல்ல விஷயம். 2020 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் சாதாரணக் கடையை உணவகமாக மாற்றத் தனியாகத் திட்ட அனுமதி பெரும்பாலும் வேண்டியதில்லை, இரண்டும் ஒரே வகை. பார்சல் மட்டும் விற்கும் கடைக்கு இது பொருந்தாது. புகைக்குழாய்க்கு அங்கேயும் அனுமதி வாங்கத்தான் வேண்டும். அது நம்மை எங்கேயும் விடாது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | துபாய் | சிங்கப்பூர் | லண்டன் |
|---|---|---|---|
| மாஸ்டருக்கு விசா | கிடைக்கும், பத்தாவது பாஸ் இல்லையென்றால் இங்கே அனுமதி வேண்டும் | பதின்மூன்று பேருக்கு ஒருவர், இல்லை எஸ் பாஸ் | புதிதாகக் கொண்டுபோக வழியில்லை |
| முதலாளி தங்க | முதலீட்டாளர் விசா | கடினம் | குடியுரிமை உள்ள சொந்தம் இருந்தால்தான் |
| வாடகை | பின்தேதியிட்ட செக் | மாத வாடகை, முன்பணம் | காலாண்டு முன்கூட்டி, நீண்ட ஒப்பந்தம் |
| எதிர்பாராத செலவு | கடை திறக்காத மாதங்கள், பணிக்கொடை | டேக்ஓவர் பணம், லெவி, இடித்துக் கொடுப்பது | கூலி, தேசியக் காப்பீடு, பழுதுபார்ப்பு |
| வாட் அல்லது ஜிஎஸ்டி | 5% | 9% | 20% |
| விட்டுவிட்டு வர | நடுத்தரம் | ஒப்பந்தம் முடிந்தால் சுலபம் | மிகக் கடினம் |

## ரூம் போட்ட ஓட்டல்?

சிலர் தங்கும் விடுதியோடு சேர்த்துப் போடலாமா என்கிறார்கள். முதல் தடவை போகிறவருக்கு வேண்டாம் என்பேன். உரிமம் வேறு, துறை வேறு, தீயணைப்பு விதி வேறு. துபாயில் அறைக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று சுற்றுலாத் திர்ஹாம் வசூலித்துக் கட்டவேண்டும். சாப்பாட்டுக் கடை ஐந்து வருடம் நின்றபின் யோசிக்கலாம்.

## யாருக்கு எது

மாஸ்டரின் கையை நம்பிப் போகிறீர்கள், நீங்களும் கல்லாவில் உட்காரத் தயார், கையில் வாடகைக்கு மட்டும் எட்டு மாதப் பணம் தனியாக இருக்கிறது என்றால் துபாய். மும்பையிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். வீட்டில் ஒரு அவசரம் என்றால் மறுநாள் காலை இங்கே இருக்கலாம். முதல் கடைக்கு இது சின்ன விஷயமில்லை.

கூட்டாளி சிங்கப்பூர்க்காரர், முதலீடு பெரிது, ஒரு ஆளை நம்பாமல் அளவு, நேரம் எல்லாம் எழுதிவைத்து யார் செய்தாலும் ஒரே ருசி வரும்படி சமையலறையை நடத்தத் தெரியும் என்றால் சிங்கப்பூர். மத்தியச் சமையல்கூடம் வைத்துப் பல கிளைகளுக்கு அனுப்பும் ஆட்களுக்கு அந்த ஊர் சரிப்பட்டுவரும். மெஸ் நடத்தும் நம்மவர்களுக்கு அது முதலில் கைகூடாது.

குடும்பமே அங்கே வேரூன்றியிருந்தால், உழைக்க வீட்டாட்கள் மூன்று பேர் சட்டப்படி இருந்தால், லண்டன். அந்தச் செம்பூர் தம்பதிக்கு நான் சொன்னது, கடை எடுக்கும்முன் மகளும் மாப்பிள்ளையும் ஆறு மாதம் வீட்டிலிருந்தே சனி ஞாயிறு மட்டும் ஆர்டர் எடுத்துச் செய்து பார்க்கட்டும். வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் தொடங்க 28 நாளுக்கு முன் உள்ளூர்க் கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. மகள் பதிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் கிரைண்டர் வாங்க யோசிக்கிறார்.

சயான் அண்ணாச்சிக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க இரண்டு டம்ளர் மோர் ஆனது. சிங்கப்பூர் மனசிலிருந்து இறங்கவில்லை, ஆனாலும் துபாய் சரி என்றார். ஏப்ரலில் போய்க் கடை பார்க்கலாம், முதலில் மொட்டைமாடியைப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். எழுந்திருக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது: "அண்ணாச்சி, மாஸ்டர்கிட்ட கேட்டீங்களா?"

அவர் விழித்தார். இருபது வருடமாக அவர் கூடவே இருக்கிற ஆள். கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். மாஸ்டர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சின்னவளுக்கு தை மாசம் கல்யாணம் அண்ணாச்சி. அது முடியட்டும். அப்புறம் வீட்டுலயும் ஒரு வார்த்த கேக்கணும்லா."

அவர் உள்ளே போனதும் அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார். ஏப்ரல் பயணம் அடுத்த தைக்குப் பிறகு என்று தள்ளிப்போயிருக்கிறது.